ஜப்பானின் ஒசாகா கோட்டைக்குள் போக வேண்டுமா, வெளியே நின்று பார்த்தால் போதுமா?

ஊர்க்குருவி: டிக்கெட் எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நீங்கள் ஏறப்போகும் கோட்டைக் கோபுரம் 1931-இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட், கண்ணாடிப் பெட்டிகள், பொம்மைக் கடை. ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிதேயோஷி 1583-இல் தொடங்கிய கோட்டை 1615 போரிலேயே எரிந்துபோனது. பேசாமல் ரயில் ஏறி, பழைய கோட்டை அப்படியே நிற்கும் ஹிமேஜிக்குப் போங்கள், ஒரு மணி நேரம்தான்.

கல்தச்சன்: ஹிதேயோஷியின் கோபுரம் நின்றது சுமார் 30 வருடம். அடுத்து, அந்தப் போரில் வென்ற தோகுகவா வம்சத்தின் ஆட்சியில் கட்டியது இடி விழுந்து 1665-இல் எரிந்தது, அதற்கு 40 வயதுகூட ஆகவில்லை. நீங்கள் இளக்காரம் செய்கிற கான்கிரீட் கோபுரம் ஊர் மக்கள் நன்கொடையில் எழும்பி, 1945 குண்டுவீச்சையும் தாங்கி, 90 வருடத்துக்கு மேல் நிற்கிறது. இது வரலாறு இல்லையா? அப்புறம், மதிலும் அகழியும் 1620-களின் அசல். சகுரா வாசலில் நுழைந்ததும் எதிரே நிற்கும் ஒற்றைக் கல் மட்டும் 100 டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அதன் இடது மூலையில் ஆக்டோபஸ் மாதிரி ஒரு கறை, பார்த்தீர்களா?

ஊர்க்குருவி: பார்த்தேன், அதற்குக் காசு கேட்கவில்லையே! நான் சொல்வது கோபுரத்துக்குள் போவதைப் பற்றி.

நீலாம்பரி: அப்படியானால் கியோத்தோவின் பொற்கோயிலையும் விட்டுவிடலாமா? 1950-இல் ஒரு இளம் துறவி தீ வைத்து, 1955-இல் திரும்பக் கட்டியதுதானே அது? இசே கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள்.

ஊர்க்குருவி: இசேயை இதில் இழுக்காதீர்கள். அங்கே மர வகையும் தச்சு முறையும் மாறுவதில்லை. ஒசாகாவில் உருவம் மட்டும்தான் பழசு. ஹிமேஜியில் இருப்பது 1609-இன் மரக்கோபுரம். செருப்பைப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, ஏணி போல நிற்கும் படிகளில் ஏறிப் பாருங்கள், உள்ளங்காலுக்கே வித்தியாசம் தெரியும்.

நீலாம்பரி: அந்தப் படிதான் பிரச்சினை! அம்மாவுக்கு முழங்கால் வலி.

கல்தச்சன்: அப்படியென்றால் ஒசாகாதான், சகோதரி. லிஃப்ட் பொதுவாக ஐந்தாம் மாடி வரைதான். நடக்கச் சிரமம் என்று ஊழியர்களிடம் சொல்லுங்கள், எட்டாம் மாடிக்கே போகலாம். குருவியாருக்கு இன்னொன்று: தோகுகவா ஆட்கள் மண்ணைக் கொட்டி மூடிய ஹிதேயோஷியின் கல்மதிலைத் தோண்டியெடுத்து, 2025-இல் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். கோபுர டிக்கெட்டிலேயே அதுவும் சேர்த்தி.

ஊர்க்குருவி: அந்த மதிலுக்காக வேண்டுமானால் டிக்கெட் எடுக்கிறேன். லிஃப்டில் ஏற மாட்டேன்.