ஒரு தடத்தைப் பேருந்துக்கு மட்டும் விடலாமா?

பின்படிக்கட்டு:
பெருநகரச் சாலையில் ஒரு பக்கத்துக்கு மூன்று தடம் இருந்தால், அதில் ஒன்றைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்பது என் நிலை. "ஏற்கெனவே நெரிசல், இதில் ஒரு தடத்தையும் பிடுங்குவதா?" என்றுதான் உடனே கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் மணிக்கு 3,600 பேர். சிக்னல் உள்ள சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு 800 கார் போகிறது, காருக்குச் சராசரி ஒன்றரைப் பேர் என்று வையுங்கள். 1,200 பேர்தான். 80 பேர் ஏறிய பேருந்துக்கு, ஒருவர் மட்டும் போகும் காரைவிட 80 மடங்கு சாலை உரிமை உண்டு என்று வாதாடியவர் கொலம்பியாவின் போகோட்டா நகர மேயராக இருந்த என்ரிக்கே பெனலோசா. பேச்சோடு நிற்காமல் 2000இல் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவையை ஓடவும் விட்டார்.

ஒற்றைவாசல்:
கணக்கில் தப்பில்லை. டில்லியிலும் இதே கணக்கைத்தான் சொன்னார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தடத்தை 2008இல் திறந்தார்கள், 2016இல் இடித்தார்கள்.

நான் கடை வைத்திருப்பவன். என் கேள்வி வேறு. ஓரத்துத் தடம் பேருந்துக்குப் போய்விட்டால் சரக்கு வண்டி எங்கே நிற்கும்? அரை மணி நேரம் நின்று இறக்க இடமில்லை என்றால் மொத்த வியாபாரி அந்தச் சாலைக்கே வரமாட்டார். பெரிய கடைகளுக்குப் பின்பக்கம் வழி இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வாசல். இதைச் சொன்னால் "வளர்ச்சிக்கு எதிரி" என்கிறார்கள்.

பின்படிக்கட்டு:
உங்களை எதிரி என்று நான் சொல்லமாட்டேன். டில்லிக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே தடமும் நிறுத்தமும் சாலை நடுவில் இருந்தன. பேருந்து ஏற ஒவ்வொருவரும் ஓடும் வண்டிகளுக்கு நடுவே கடக்க வேண்டும். 5.8 கி.மீ. முடிந்ததும் பேருந்து மறுபடி நெரிசலில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவு சின்னத் துண்டில் யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்? அடுத்த ஆண்டே, 2009இல், அகமதாபாத் ஜன்மார்க் என்ற தன் தனித்தடப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. அது நிலைத்தது. பிரேசிலின் குரிடிபாவில் 1974 முதல் தனித்தடம் இருக்கிறது.

இன்னொன்று. தனித்தடத்தை ஒழிப்பது பெரும்பாலும் "காலியாகக் கிடக்கிறதே" என்ற ஒரே பேச்சுதான். நிமிடத்துக்கு ஒரு பேருந்து 20 கி.மீ. வேகத்தில் போனால், இரண்டு பேருந்துக்கு நடுவே 330 மீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை. பக்கத்துத் தடத்தில் நிற்கும் கார்க்காரருக்கு அது வீணாகத்தான் தெரியும். ஆனால் மணிக்கு 3,600 பேர் போவது அந்த வெற்றிடம் இருப்பதால்தான். அதை நிரப்பினால் பேருந்தும் நின்றுவிடும்.

இருசக்கரம்:
உங்கள் கணக்கில் கார் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, எங்களைக் காணோம். ஒரு காரின் இடத்தில் மூன்று பைக் போகும். பைக் அதிகம் ஓடும் நகரத்துக்குக் கார் நகரத்தின் கணக்கை அப்படியே போட்டால் பொருந்தாது. ஜகார்த்தாவில் 2004இல் தொடங்கிய பேருந்துத் தடத்துக்குள் பைக்குகள் நுழைவது தீராத தலைவலி. அவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று திட்டிவிடுவது சுலபம். பேருந்து போகாத இடத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு வேறு வழி என்ன? முதலில் பேருந்தைக் கூட்டுங்கள், அப்புறம் எங்கள் தடத்தைக் கேளுங்கள்.

வார்டுக்கூட்டம்:
அந்தக் கடைசி வரியோடு முழுக்க உடன்படுகிறேன். ஸ்டாக்ஹோமில் வரிசை அதுதான். நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வைத்து, 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் கூடுதல் பேருந்துகள் 2005 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில் எதிர்ப்புதான் அதிகம். செப்டம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது நகரவாசிகள் ஆதரித்தார்கள். கண்ணால் பார்த்த பிறகு கருத்து மாறியது.

இங்கே என் ஆதங்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் பேருந்துப் பயணி எப்படி வருவார்? வருவது கார் நிறுத்த இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் மட்டும். கவுன்சிலர் காதில் விழும் குரலும் அதுதான். அதையே "மக்கள் எதிர்ப்பு" என்று குறிப்பில் எழுதிவிடுகிறார்கள்.

ஒற்றைவாசல்:
ஸ்டாக்ஹோம் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். சுற்றியிருந்த பல நகராட்சிகளும் வாக்கெடுப்பு நடத்தின, அங்கே எதிர்ப்பே ஓங்கியது. அவர்களும் தினமும் உள்ளே வந்து போகிறவர்கள்தான். யார் வாக்கு கணக்கில் சேரும் என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. போகோட்டாவையும் பாருங்கள். 2012 மார்ச்சில் கூட்டநெரிசல் தாங்காமல் பயணிகளே போராடி, நிலையங்கள் உடைபட்டன. தடம் போட்டால் எல்லாம் சரியாகிவிடாது.

பின்படிக்கட்டு:
சரியாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். போகோட்டாவில் கூட்டம் கூடிய அளவுக்கு வசதி கூடவில்லை. கூடுதல் பேருந்தும் கூடுதல் வழித்தடமும் கேட்க அது காரணம். தடத்தை எடுத்துவிட அது காரணமாகாது.

சரக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். நியூயார்க்கின் 14ஆம் தெருவில் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டதால், பேருந்துக்கு முன்னுரிமை தரும் திட்டம் தள்ளிப்போய் 2019 அக்டோபரில்தான் தொடங்கியது. அங்கே லாரிகளுக்கு அனுமதி உண்டு. மற்ற கார்கள் உள்ளே வந்து ஆளை இறக்கலாம், ஆனால் அடுத்த திருப்பத்தில் வெளியேற வேண்டும். சோதனையாக ஓடி 2020இல் நிரந்தரமானது. அந்த மாதிரியை நீங்கள் ஏற்பீர்களா?

ஒற்றைவாசல்:
லாரி நிற்க இடமும் நேரமும் குறித்துக் கொடுத்தால் ஆறு மாதச் சோதனைக்கு நான் தயார். காலை 7 மணிக்கு முன் இறக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் சரக்கே வந்து சேராது. மதியம் 12 முதல் 3 வரை வேண்டும். பேருந்தில் கூட்டம் குறைவான நேரமும் அதுவே.

இருசக்கரம்:
சோதனை என்றால் பைக்கையும் எண்ணுங்கள், தொடங்குவதற்கு முன்னும் பின்னும். எண்ணிக்கையை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் நான் எதிர்ப்பில்தான் இருப்பேன்.

வார்டுக்கூட்டம்:
கூட்டத்தை ஞாயிறு மாலை வைக்கச் சொல்லி மனு எழுதுகிறேன். மதியம் சரக்கு இறக்கும் நேரம், பைக் எண்ணிக்கை இரண்டையும் அதில் சேர்த்துவிடுகிறேன். கையெழுத்துக்கு ஒற்றைவாசல் கடைக்கே முதலில் வருகிறேன்.