ஆயா வீட்டுக் குழு: குரூடு (கச்சா எண்ணெய்) ஆப்ஷனில் எந்த ஸ்ட்ரைக்?

மெய்யப்பன், மாலை 4.10
அம்மான், நேற்று மதியம் எம்சிஎக்ஸ் பொருள் சந்தையில் குரூடு கால் ஆப்ஷன் (குறித்த ஸ்ட்ரைக் விலைக்கு வாங்கும் உரிமை) ஒரு லாட், அந்த உரிமையின் விலையான பிரீமியம் பேரலுக்கு 29 ரூபாய்தானே, மலிவு என்று எண்ணி வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் மனம் மாறி மார்க்கெட் ஆர்டரில் (கிடைத்த விலைக்கு) விற்றால், 21 ரூபாய்க்குப் போயிற்று. அதற்குள் குரூடு விலை அசையவே இல்லை. செயலியில் ஏதேனும் பிழையா?

அம்மான், காரைக்குடி, மாலை 4.25
பிழை எதுவும் இல்லை. நீ வாங்கியது விற்பவர் சொன்ன விலையில். விற்றது வாங்குபவர் சொன்ன விலையில். இடையில் இருந்த எட்டு ரூபாய்தான் ஸ்பிரெட். ஒரு லாட் 100 பேரல் என்பதால் 800 ரூபாய், அதாவது நீ போட்ட 2,900 ரூபாயில் கால் பங்குக்கு மேல். இங்கே முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பர்மா தேக்கு அலமாரியை வாங்கி, மறுநாளே அதே கடையில் திருப்பிக் கொடுத்துப் பார், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்? அலமாரியில் குறை இல்லை. அதைக் கேட்டு அன்று வேறு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

வள்ளி ஆச்சி, தேவகோட்டை, மாலை 4.40
தம்பி, தங்கத்திலும் ஆப்ஷன் இருக்கிறதாமே? அது நமக்குத் தெரிந்த பொருள். எப்போது விற்றாலும் ஆள் இருக்குமே.

அம்மான், காரைக்குடி, மாலை 4.58
ஆச்சி, எம்சிஎக்ஸில் ஆப்ஷன் முதலில் வந்ததே தங்கத்தில்தான், 2017 அக்டோபரில். குரூடு 2018 மே மாதம் வந்தது. ஆனால் நகைக்கடையில் தங்கம் உடனே விலைபோவதால் தங்க ஆப்ஷனின் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் உடனே விலைபோகும் என்று எண்ணக் கூடாது. போதாததற்குப் பெரிய தங்க ஒப்பந்தம் ஒரு கிலோ; இவன் கையில் உள்ள பணத்துக்கு அது ஆகாது.

மெய்யப்பா, முதலில் நடப்பு மாத ஒப்பந்தத்தை எடு. பியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தம்) விலைக்கு அருகிலுள்ள ஸ்ட்ரைக்குகளை மட்டும் திற; அவற்றிலும் நூறில் முடியும் எண்களில் கூட்டம் அதிகம். ஓப்பன் இன்ட்ரஸ்ட் பெரிதாக இருப்பதைக் கண்டு ஏமாறாதே. அது முன்பே எடுத்து வைத்திருப்பவர்களின் கணக்கு, இன்று கைமாறுகிறதா என்பதை வால்யூம்தான் சொல்லும். பிறகு இரு பக்கமும் வரிசையாக நிற்கும் ஐந்து விலைகளையும் அளவுகளையும் பார். முதல் விலையில் ஒரே லாட்டும் அடுத்தது நான்கு ரூபாய் தள்ளியும் இருந்தால் அந்த ஸ்ட்ரைக்கை விட்டுவிடு. ஸ்பிரெட்டை ரூபாயாகப் பார்க்காமல் பிரீமியத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார். எனக்கு இரண்டுக்கு மேல் போனால் கை வராது.

மெய்யப்பன், மாலை 5.05
மதியத்தில் எடுத்தது தவறா?

அம்மான், காரைக்குடி, மாலை 5.20
அதுவும் ஒரு காரணம். இங்கே குரூடு நியூயார்க் விலையைத்தான் பின்பற்றுகிறது. அங்கே வணிகம் சூடுபிடிக்கும்போது இங்கே இரவாகிவிடும். மார்க்கெட் ஆர்டரை மறந்துவிட்டு, லிமிட்டை, அதாவது நீ தர ஒப்பும் விலையை, இரு விலைக்கும் நடுவில் வைத்துக் காத்திரு, கிடைக்காவிட்டால் போகட்டும். இன்னொன்று, இந்த ஆப்ஷன் பியூச்சர்ஸின் மேல் எழுதப்பட்டது. இன் த மணியில், அதாவது உன் கால் ஆப்ஷனில் ஸ்ட்ரைக்குக்கு மேலே பியூச்சர்ஸ் விலை நின்று, முடிந்தால் பணமாக அல்ல, பியூச்சர்ஸாக உன் கணக்கில் வந்து உட்காரும். அதற்கு மார்ஜின் என்ற பிணைப்பணம் கேட்பார்கள். ஆப்ஷன் எக்ஸ்பயரி, அதாவது அது முடியும் நாள், பியூச்சர்ஸுக்குச் சில நாள் முன்பே வந்துவிடும் என்பதால், அதற்கு முன்னரே வெளியேறிவிடு.

வள்ளி ஆச்சி, தேவகோட்டை, மாலை 5.31
அப்பச்சியிடம் 800 ரூபாய் போனதைச் சொல்லவில்லை. நீயே சொல்லிவிடு, மெய்யப்பா.

மெய்யப்பன், இரவு 8.15
அம்மான், இப்போது அருகிலுள்ள ஸ்ட்ரைக்கில் வாங்குபவர் சொல்வது 142, விற்பவர் சொல்வது 143.50, ஸ்பிரெட் ஒரு சதவீதம்தான் வருகிறது. நேற்று நான் எடுத்த ஸ்ட்ரைக்கில் இந்த நேரத்திலும் ஐந்து ரூபாய் இடைவெளி. 142.70-இல் லிமிட் வைத்திருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

அம்மான், காரைக்குடி, இரவு 8.17
விலையை ஏற்றாதே. அப்படியே இருக்கட்டும்.