மறு: டிஜெனரேடிவ் என்பதற்குத் தமிழ் – 'சீரழிவு' வேண்டாம், 'தேய்வு'ம் போதாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இழை முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கீழ்முதுகு எம்ஆர்ஐ அறிக்கையோடு இணைத்துக் கொடுக்க நாம் எழுதிவரும் தமிழ்ப் பக்கத்தில், டிஜெனரேடிவ் (முதுகின் வட்டு, எலும்பு, மூட்டுகளில் காலப்போக்கில் வரும் மாற்றம்) என்பதற்கு இதுவரை முக்கியமாக 'சீரழிவு', 'சிதைவு', 'தேய்வு' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் மருத்துவன் இல்லை. 16 வருடமாக ஸ்கேன் எடுக்கும் வேலை பார்க்கிறேன். அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஆட்கள் முதலில் கேள்வி கேட்பது எங்களிடம்தான்.

போன மாதம் பூக்கட்டும் ஒரு அம்மா வந்தார், 50 வயது இருக்கும். அறிக்கையில் 'டிஜெனரேடிவ் டிஸ்க் டிசீஸ்' என்று இருந்ததை மகன் செல்பேசியில் போட்டுப் பார்த்திருக்கிறான். 'சீரழிவு வட்டு நோய்' என்று வந்திருக்கிறது. அந்த அம்மா என்னிடம் கேட்டது: "தம்பி, நீரிழிவு எனக்கு எட்டு வருசமா இருக்கு. அதுதான் முத்திப்போயி முதுகுல சீரழிவா வந்திருச்சா?" படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினேன். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் மேலே மூன்று நடுவில் வெளுப்பாக இருந்தன. கீழே இரண்டு கறுத்துப்போய், கொஞ்சம் தட்டையாக இருந்தன. வெளுப்பாகத் தெரிவது நீர், கீழே இரண்டிலும் நீர் வற்றியிருக்கிறது என்றேன். "கொத்தவரங்கா வத்தல் மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எம்ஆர்ஐயில் எடுக்கும் பட வகைகளில் ஒன்றான டி2 படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். வட்டின் நடுவிலிருக்கும் கூழ்ப்பகுதி நீரை இழந்தால் அந்த இடம் கறுக்கும். டெசிக்கேஷன் என்று அறிக்கையில் எழுதுவது இதைத்தான். அதற்கு 'நீர்வற்றல்' என்ற சொல்லை அந்த அம்மாவே நமக்குக் கொடுத்துவிட்டார். இதில் மறுப்பு வராது என்று நினைக்கிறேன்.

சிக்கல் டிஜெனரேடிவ் என்ற பொதுச்சொல்லில்தான். 'குடும்பமே சீரழிஞ்சு போச்சு' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். 'சிதைவு' என்றால் கருச்சிதைவு நினைவுக்கு வருகிறது, இடிந்த கட்டடம் நினைவுக்கு வருகிறது. வலியோடு வருகிறவரிடம் இந்தச் சொற்களைக் கொடுக்கவே கூடாது. 'தளர்ச்சி' என்று ஒரு நண்பர் சொன்னதும் ஒத்துவராது. 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதி அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள்.

'தேய்வு' என்பதன் பக்கம்தான் பெரும்பாலோர் இருக்கிறீர்கள். 'எலும்பு தேய்மானம்' என்று மக்கள் ஏற்கெனவே சொல்வதால் எளிது என்கிறீர்கள். எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, தேய்கிறது என்று கேட்டதும் அசைந்தால் இன்னும் தேயும் என்று படுத்துவிடுகிறார்கள். சாதாரண முதுகுவலிக்கு, முடிந்த அளவு நடமாடிக்கொண்டே இருங்கள் என்பதுதான் இன்று உலகெங்கும் சொல்லும் அறிவுரை. நாம் கொடுக்கும் சொல் அதற்கு எதிராக வேலை செய்யக் கூடாது. இரண்டு, பொருளே தப்பு. தேய்பிறை என்றால் குறைவது. ஆனால் முதுகில் நடப்பதில் பாதி வளர்ச்சி. முள்ளெலும்பின் விளிம்பில் எலும்பு முனை முளைக்கிறது, பின்பக்க மூட்டுகள் பருக்கின்றன, தசைநார் தடிக்கிறது. தண்டுவடக் குழல் குறுகி, கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து உட்கார வைப்பது பெரும்பாலும் இந்தப் பருமன்களால்தான். தடித்த ஒன்றைத் தேய்ந்தது என்று எப்படி எழுதுவது?

அதனால் என் முன்மொழிவு 'முதிர்வு'. டிஜெனரேடிவ் சேஞ்சஸ் என்றால் 'முதிர்வு மாற்றங்கள்'. குறைவதும் வளர்வதும் இதில் அடங்கும். 'நோய்' என்ற ஒட்டு வேண்டாம். 'முதுமைத் தேய்மானம்' என்று ஐயா எழுதியிருந்தார்கள்; அதை ஏற்காததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை அலசிய 33 ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கே வட்டில் இந்த மாற்றம் இருந்தது. 80 வயதில் 96 விழுக்காடு. 20 வயதுப் பையனிடம் முதுமை என்று எப்படிச் சொல்வது? 'முதிர்வு' என்றால் அவனுக்கு 'இளமுதிர்வு' என்று சொல்லலாம். இளநரை என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே, அந்த வழிதான். வைப்புநிதி முதிர்வுபோல் கேட்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். கேட்கட்டும், அதில் பயம் எதுவும் இல்லையே.

அடுத்து 'விலகல்'. பக்கத்தின் முதல் வரைவில் 'ஜவ்வு விலகல்' என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முழங்காலில் தசைநார் கிழிந்தாலும் ஜவ்வு, முதுகில் வட்டு பிதுங்கினாலும் ஜவ்வு. அதோடு, விலகியது என்றால் தட்டி உள்ளே வைத்துவிடலாம் என்று தோன்றும். எண்ணெய் போட்டுத் தட்டி வைக்கச் சொல்லி, நடந்து வந்தவர் நடக்க முடியாமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வட்டு எங்கும் விலகிப் போவதில்லை. அதன் ஓரம் சுற்றிலும் பரவலாகத் தள்ளியிருந்தால் 'புடைப்பு'. ஓரிடத்தில் மட்டும், அடி அகலமாகத் தள்ளியிருந்தால் 'பிதுக்கம்'. அடி குறுகி வெளியே வழிந்திருந்தால் 'வழிதல்'. அறுந்து தனியாகக் கிடந்தால் 'துண்டு'. ஆங்கிலத்தில் பல்ஜ், ப்ரொட்ரூஷன், எக்ஸ்ட்ரூஷன், சீக்வெஸ்ட்ரேஷன் என்று 2014-இல் திருத்தி வரையறுத்த நான்கு நிலைகளும் இவைதான். டிஸ்க்குக்கு 'இடைத்தட்டு' வேண்டாம், 'வட்டு' போதும். தட்டு என்ற சொல்லை எலும்பின் முகப்பில் இருக்கும் எண்ட்பிளேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே நகர்வது எலும்புதான். ஒரு முள்ளெலும்பு கீழே இருப்பதன் மேல் முன்னோக்கிச் சரிவதை 'நழுவல்' என்போம். இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், எந்தப் படம் எடுப்பது என்பதே இதைப் பொறுத்து மாறுகிறது. எம்ஆர்ஐயில் ஆளைப் படுக்க வைத்து எடுக்கிறோம். படுத்தால் நழுவிய எலும்பு பழைய இடத்துக்கே போய்விடக்கூடும், படத்தில் தெரியாது. நிற்க வைத்து, தேவைப்பட்டால் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியும். இவ்வளவு செலவு செய்து எம்ஆர்ஐ எடுத்தாச்சே, எக்ஸ்ரே எதற்கு என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 'விலகல்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவைத்தால் அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆகவே பக்கத்தின் நடுப்பகுதியைக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். எலும்பு நழுவியிருக்கிறதா, வரிசை கோணியிருக்கிறதா என்றால் நின்றபடி எக்ஸ்ரே. நரம்பை எது அழுத்துகிறது என்றால் எம்ஆர்ஐ. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. எலும்பில் நுண்ணிய கீறலா என்றால் சிடி, ஆனால் கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. எம்ஆர்ஐக்குள் போக முடியாத பேஸ்மேக்கர் வைத்தவருக்கு, தண்டுவட உறைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி. முதுகில் ஏற்கெனவே அறுவை ஆனவருக்குத் தழும்பா, மறுபடி பிதுக்கமா என்று பிரித்துப் பார்க்க ஊசி மருந்தோடு எம்ஆர்ஐ. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஊசி தேவைப்படாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வரி தடித்த எழுத்தில் வர வேண்டும்: புதிதாக வந்த முதுகுவலிக்கு, அபாயக் குறி எதுவும் இல்லையென்றால், முதல் 6 வாரம் எந்தப் படமும் தேவையில்லை. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டல் இதுவே. ஸ்கேன் எடுத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன், இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

ரெட் ஃப்ளேக் என்பதற்கு 'செங்கொடி' என்று பதிந்திருந்தார்கள். நம் ஊரில் செங்கொடி என்றால் கட்சிக் கொடி, தொழிற்சங்கம். 'அபாயக் குறி' என்றே வைப்போம். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே வருவது, முன்பு புற்றுநோய் இருந்தது, காய்ச்சலோடு வலி, கீழே விழுந்த பின் வலி. முதல் மூன்றும், தண்டுவடத்தின் அடியில் குதிரைவால்போல் தொங்கும் 'குதிரைவால் நரம்புக் கற்றை' அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். அவர்களுக்கு 6 வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே எம்ஆர்ஐ. இந்த வரிகளில் கலைச்சொல்லே வேண்டாம். பாட்டி படித்தாலும் புரிய வேண்டும்.

கருவிகளின் பெயரில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. 'காந்த ஒத்ததிர்வுப் படிமம்' அழகான சொல்தான், பாடநூலில் இருக்கட்டும். வரவேற்பு மேசையில் வந்து யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ அப்படியே போகட்டும். ஆனால் வெறும் 'ஸ்கேன்' என்று மட்டும் எங்கும் எழுதாதீர்கள். வயிற்றுக்கு எடுப்பதும் ஸ்கேன், தலைக்கு எடுப்பதும் ஸ்கேன் என்று குழம்பி, சிடி படத்தை எடுத்துக்கொண்டு வந்து 'எம்ஆர்ஐ எடுத்தாச்சு' என்கிறார்கள்.

ஈழத்து நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் 'என்பு', 'முள்ளென்பு' என்றுதானே வழக்கம்? இரு கரையிலும் ஒரே பக்கம் புழங்க வேண்டுமானால் 'முள்ளெலும்பு', 'முள்ளென்பு' இரண்டையும் ஒருமுறை அருகருகே போட்டுவிடலாமா? ஸ்டெனோசிஸுக்குக் 'குழல் குறுக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நரம்பு வெளியேறும் பக்கத் துளை குறுகுவதற்கும் அதே சொல்லை நீட்டலாமா, தனிச்சொல் வேண்டுமா என்று முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எழுதினால் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.