சந்தி யாருடையது? குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வாணி அக்கா (காலை 9:12)
நேற்று இரவு ‘தி வயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது சீசன் தொடங்கினோம். ரஞ்சி மாமியும் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முதல் காட்சியிலேயே எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மாமி, இப்போது பரவாயில்லையா?

ரஞ்சி மாமி (9:20)
எனக்கு ஒன்றுமில்லை பிள்ளை. நித்திரைதான் வரவில்லை. அந்தத் தூசியே கண்ணுக்குள் நிற்கிறது.

சித்தப்பா (9:24)
என்ன தூசி? அது போதைவஸ்துக் கும்பல்களின் கதைதானே. அக்காவுக்கு ஏன் அதையெல்லாம் போட்டுக் காட்டுகிறீர்கள்?

நான் (9:31)
சித்தப்பா, முதல் காட்சியில் பால்டிமோர் நகரத்தில் பெரிய தொடர்மாடிகளை வெடி வைத்து வீழ்த்துகிறார்கள். ஃபிராங்க்ளின் டெரஸ் என்று பெயர். அங்கேயே வளர்ந்த இரண்டு பையன்கள் அதைப் பார்க்க நடந்து போகிறார்கள். ஒருவன் பழைய நாள்களைச் சொல்லிக் கவலைப்படுகிறான். மற்றவன் கட்டடம்தானே என்கிறான். மேயர் மேடையில் நின்று புது வாழ்வு வரும் என்று பேசுகிறார். கட்டடம் விழுந்ததும் எழும்புகிற தூசி, பார்க்க வந்த சனத்தையெல்லாம் மூடுகிறது.

அண்ணா (டொரொண்டோ) (9:40)
அது வெறும் கற்பனையும் இல்லை. 1995இல் பால்டிமோரில் லஃபாயெட் கோர்ட்ஸ் என்ற தொடர்மாடிகளை உண்மையாகவே அப்படித்தான் வீழ்த்தினார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் முதலில் பொலிஸ், பிறகு பள்ளி ஆசிரியர். தெருவில் நடந்து பழகியவர்கள் எழுதியது. சீசன் முடிவை மட்டும் யாரும் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

வாணி அக்கா (9:52)
நான் இந்த சீசனை முன்பே பார்த்தவள். நேற்றிலிருந்து திரும்பவும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் சீசனிலும் அடிதடி, கொலை இருந்தது. ஆனால் எந்தக் கட்டடம் யாருடையது என்று அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இப்போது கட்டடமே இல்லை. அதே பையன்கள் போதைவஸ்து விற்க அடுத்த தெருச் சந்திக்குப் போனால் அங்கே எதிர்க் கும்பல் தலைவன் மார்லோவின் ஆட்கள் நிற்கிறார்கள். இந்தப் பையன்களின் கும்பலை நடத்துகிற ஸ்ட்ரிங்கர், சந்தி முக்கியமில்லை, நல்ல சரக்கு இருந்தால் எல்லோரும் பங்கு போட்டு வியாபாரம் செய்யலாம் என்கிறான். சிறையிலிருந்து வரும் அவனுடைய கூட்டாளி ஏவனுக்குச் சந்திதான் மானம். சிறு வயதிலிருந்து ஒன்றாக இருந்தவர்கள், ஒரே அறையில் இருந்தும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. துப்பாக்கி வெடிக்கிற காட்சியைவிட அந்த அறையில் இருக்கும் இறுக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்தப்பா (10:05)
சரி, அது அமெரிக்கா. இங்கே கொழும்பில் எங்கள் தோட்டத்தை, அந்த நெருக்கமான குடிசை வரிசைகளை, இடித்தது வேறு கதை. அக்கா கோபிக்கக்கூடாது, நானும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான். மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர். காலையில் கக்கூசுக்கு வரிசை. அம்மா பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்றுதான் வத்தளைக்குப் போனேன்.

ரஞ்சி மாமி (10:31)
தம்பி, நீ சொல்வது ஒன்றும் பொய்யில்லை. இப்போது எனக்கு வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ போன பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. இடித்த பிறகு புதுத் தொடர்மாடியில் யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். கொம்பனித்தெருவில் நாற்பது வருடம் அடுத்தடுத்த வாசலில் இருந்தோம். எனக்கு நாலாம் மாடி, மலாய்க்கார நோனா அக்காவுக்கு அடுத்த கட்டடத்தில் பதினோராம் மாடி. என் பக்கத்துக் கதவில் யார் வந்தார்கள் என்று ஆறு மாதம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. தெரியாதவர்களுக்குள் ஒரு வாளித் தண்ணீர் படியில் சிந்தினாலும் சண்டை. தோட்டத்தில் சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் இருந்தது.

வாசலில் இடியப்பம் விற்றேன், உனக்குத் தெரியும்தானே. நாலாம் மாடிக்கு யார் இடியப்பம் வாங்க ஏறி வருவார்கள்?

அந்தப் பையன்கள் தூசிக்குள் நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நான் எழுந்து போனது அதனால்தான்.

அண்ணா (டொரொண்டோ) (10:44)
மாமி, இதை எனக்கு ஒரு நாளும் நீங்கள் சொன்னதில்லையே.

ரஞ்சி மாமி (10:46)
நீ கேட்கவில்லை ராசா.

நான் (10:58)
கொழும்பில் இப்படியான குடியிருப்புகளில் இருந்தவை சுமார் 68,000 குடும்பங்கள் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையே கணக்கு எடுத்திருந்தது. 2010இல் அந்தச் சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டு வந்தார்கள். அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிபட்டன. நான் அப்போது பள்ளிக்கூடம். பஸ் வேறு பாதையால் போனது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

சித்தப்பா (11:15)
அக்கா சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். நோனா அக்கா பதினோராம் மாடியில் இருக்கிறாரா? முழங்கால் வருத்தக்காரர் அல்லவா? லிஃப்ட் வேலை செய்கிறதா?

ரஞ்சி மாமி (11:17)
செய்கிற நாளில் செய்யும். செய்யாத நாளில் அவர் கீழே வருவதில்லை.

வாணி அக்கா (11:29)
சித்தப்பா, நீங்களும் ஒரு தரம் பாருங்கள். அதில் 14 வருடம் சிறையில் இருந்துவிட்டு வருகிற ஒருவர் இருக்கிறார். பழைய தொழிலுக்குப் போய்ப் பார்க்கிறார், முடியவில்லை. பிறகு சந்தியில் நிற்கிற பையன்களைக் கூட்டிக் குத்துச்சண்டை பழக்குகிறார். பெரிய ஆட்கள் நிலத்துக்கு அடிபடுகிற அதே தெருவில், ஒரு பழைய கட்டடத்தைத் துப்புரவாக்கி, பையன்களுக்கு நிற்க ஓர் இடம் கொடுக்கிறார். உங்களுக்குப் பிடிக்கும்.

சித்தப்பா (11:36)
சரி, பார்க்கிறேன். தமிழ் எழுத்து ஓடுமா?

நான் (11:38)
ஆங்கில எழுத்துத்தான். நான் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன்.

ரஞ்சி மாமி (11:50)
வருகிற சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் வேண்டாம், என் வீட்டில் பார்ப்போம். தம்பி, நீ வத்தளையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே வா. லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் நோனா அக்காவைப் பிடித்து இறக்க இரண்டு பேர் வேண்டும். முதல் காட்சியைத் திரும்பவும் போட வேண்டும். அவரும் பார்க்க வேண்டும். நான் இடியப்பம் அவிக்கிறேன்.

சித்தப்பா (11:52)
ஐந்தரைக்கே வருகிறேன் அக்கா.