உரக்குவியலிலிருந்தே மீத்தேன் வந்தால், குப்பையை மக்க வைத்து என்ன லாபம்?

ஈரக்குப்பை:
தினமும் 3 டன் மக்கும் குப்பை வரும் ஒரு நிலையம். பெரும்பகுதி உணவு மிச்சமும் காய்கறிக் கழிவும். காய்ந்த இலை கொஞ்சம்தான். 2.5 மீட்டர் உயரத்துக்குக் குவித்து, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுகிறோம். வெப்பமானி 60 டிகிரி காட்டுகிறது. ஆனால் புரட்டும்போது நடுப்பகுதி கறுத்துச் சொதசொதவென்று இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. உள்ளே மீத்தேன் உண்டாகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் குப்பைமேட்டில் கொட்டுவதைவிட இது உண்மையிலேயே மேலா? குவியலை எப்படிச் சரிசெய்வது?

கணக்குப்பிள்ளை:
குப்பைமேட்டைவிட இது மேலா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் வழிகாட்டி தரும் பொது மதிப்புகளை வைத்துப் பாருங்கள். ஈர எடையில் 1 டன் உணவுக்கழிவில் மக்கக்கூடிய கார்பன் 15 சதவீதம், அதாவது 150 கிலோ. காற்றுப் புகாத குப்பைமேட்டில் அதில் பாதி சிதையும். சிதைவதில் பாதி மீத்தேனாகும். கார்பனை மீத்தேன் எடைக்கு மாற்ற 16/12 ஆல் பெருக்கினால் 50 கிலோ மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் மதிப்பு 27, அதாவது ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆக ஒரு டன் குப்பைக்கு 1,350 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

மக்க வைத்தால், அதே ஒரு டன்னுக்கு 4 கிலோ மீத்தேன், 0.24 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. பின்னதின் மதிப்பு 273. இரண்டும் சேர்ந்து சுமார் 175 கிலோ. குவியலிலிருந்து வரும் கரியமில வாயு செடி காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் கணக்கில் சேராது. புரட்டும் எந்திரத்தின் டீசலைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 4 கிலோ ஒரு சராசரி. அதே வழிகாட்டி தரும் வீச்சு 0.03 முதல் 8 கிலோ வரை. நைட்ரஸ் ஆக்சைடும் 0.6 வரை போகும். இரண்டும் உச்சத்தில் இருந்தால் 380 கிலோ. நீங்கள் சொல்லும் குவியல் அந்த உச்சத்தின் பக்கம்தான் இருக்கும். அப்போதும் வாயு பிடிக்காத குப்பைமேட்டைவிட மேல்தான். வாயுவைக் குழாய் வைத்து நன்றாகப் பிடிக்கும் கிடங்கோடு ஒப்பிட்டால் லாபம் வெகுவாகச் சுருங்கிவிடும். அதனால் குவியலைச் சரிசெய்வது அவசியம்.

காற்றுக்குழாய்:
60 டிகிரியை நம்பாதீர்கள். சூடாக இருக்கும் குவியலும் மூச்சுமுட்டிக் கிடக்கலாம். குவியலுக்குள் இருக்கும் காற்றில் ஆக்சிஜன் 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 5-க்குக் கீழே போனால் மீத்தேன் ஏறத் தொடங்கும். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: புரட்டும்போது புகும் ஆக்சிஜனைச் சூடான குவியல் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு காற்று வருவது, சூடான காற்று மேலே போகப் பக்கவாட்டிலிருந்து புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுவதால். அதற்கு உள்ளே இடைவெளி வேண்டும். உங்கள் குவியலில் அதுதான் இல்லை.

காரணம் ஈரம். உணவுக்கழிவில் தண்ணீர் 75 சதவீதம், காய்ந்த இலையில் 15 என்று வையுங்கள். கலவையின் ஈரத்தை 60 சதவீதத்துக்குக் கொண்டுவர, ஒரு டன் கழிவுக்கு 330 கிலோ இலை வேண்டும். 3 டன்னுக்குத் தினமும் ஏறத்தாழ ஒரு டன். அந்த அளவிலேயே கார்பன்–நைட்ரஜன் விகிதமும் மக்குவதற்கு ஏற்ற 25–30 பக்கம் வந்துவிடும். ஆனால் இலை நனைந்தால் அப்பளமாக ஒட்டிக்கொள்ளும், முதுகெலும்பாக நிற்காது. 2–5 சென்டிமீட்டர் மரச்சில்லுகளும் கலந்தால்தான் இடைவெளி நிலைக்கும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும், காற்றுக்கு வழிவிடாது.

கலவையைச் சோதிக்க ஒரு 10 லிட்டர் வாளி போதும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பித் தரையில் பத்துமுறை தட்டுங்கள். இன்னும் இரண்டுமுறை அப்படியே செய்து விளிம்புவரை நிரப்புங்கள். 6 கிலோவுக்கு மேல் எடை காட்டினால் கலவை கனம். பிறகு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். 5–6 லிட்டர் பிடிக்க வேண்டும். 3 லிட்டரிலேயே நிரம்பினால் இன்னும் சில்லு சேருங்கள்.

உயரத்தை 1.5 மீட்டருக்கு இறக்குங்கள். 2.5 மீட்டரில் அடிப்பகுதி தன் பாரத்தாலேயே நசுங்கும்.

சல்லடை:
மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும். இதைப் படித்துவிட்டுத் தினமும் புரட்ட ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு புரட்டலிலும் அம்மோனியாவும் ஈரமும் பறக்கும், சூடும் இறங்கும். திறந்த குவியலில் கிருமிகள் சாக 55 டிகிரிக்கு மேல் 15 நாள், அதற்குள் 5 புரட்டல் என்பது நடைமுறை விதி. அதாவது தொடக்கத்தில் மூன்று நாளுக்கு ஒன்று. பிறகு வாரம் ஒன்று போதும்.

கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வந்தால் நைட்ரஜன் மிகுதி, உலர்பொருள் கூட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றுக் குறைவு. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று தண்ணீர் தெளிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

குவியலின் மேல் 15–30 சென்டிமீட்டர் முதிர்ந்த உரத்தைப் போர்வையாகப் போடுங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள், தப்பிவரும் மீத்தேனில் ஒரு பகுதியை வழியிலேயே தின்றுவிடும். நாற்றமும் ஈயும் அடங்கும். புரட்டிய பின் மறுபடி போட வேண்டும்.

ஈரக்குப்பை:
புரட்டுவதைக் குறைத்து அடியில் குழாய் பதித்துக் காற்று ஊதினால்? இப்போதுள்ள கறுத்த குவியலை என்ன செய்வது?

காற்றுக்குழாய்:
ஊதலாம். 100 மில்லிமீட்டர் துளைக்குழாய், அதன்மேல் 15–20 சென்டிமீட்டர் மரச்சில்லு மெத்தை, பிறகு கலவை. குவியலின் உயரம் எவ்வளவோ, ஓரத்திலிருந்து அவ்வளவு தூரத்துக்குக் குழாயில் துளை போடாதீர்கள். போட்டால் காற்று ஓரமாகவே தப்பிவிடும். ஊதுவானை நேரக்கருவியில் விட்டுவிட்டு ஓடவிடுங்கள். இடைவிடாமல் ஊதினால் குவியல் குளிர்ந்து காய்ந்துவிடும். ஊதுவானே போட்டாலும் கலவை சொதசொதவென்று இருந்தால் காற்று ஒன்றிரண்டு வெடிப்புகள் வழியாகத்தான் போகும்.

பழைய குவியலை, வெளியே காற்று வீசும் நேரத்தில், ஒரேயடியாக அல்லாமல் பகுதி பகுதியாகப் பிரித்து, பிரித்த உடனே மரச்சில்லு கலந்து 1.5 மீட்டரில் மறுபடி அடுக்குங்கள். வடியும் சாற்றைக் குட்டையில் தேங்கவிடாதீர்கள், அங்கேயும் மீத்தேன் பிறக்கும். இன்னும் 55 டிகிரிக்கு ஏறாத புதுக் குவியலின் மேல் மட்டும் அதைத் தெளித்துத் தீர்க்கலாம்.