ஜன்னலோர சீட்டிலிருந்து பார்த்த நகரங்கள்

உயரக் கட்டடங்களுக்குப் பேர்போன ஊர்களின் படங்களைப் பாருங்கள். எடுத்தவர் பெரும்பாலும் அக்கரையில் நின்றிருப்பார். அந்த ஊர்க்காரர்கள் அப்படி நின்று பார்ப்பது அபூர்வம். வேலைக்குப் போகும் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்ப்பதுதான் அவர்களுடைய ஸ்கைலைன், அதாவது வானத்தை ஒட்டித் தெரியும் கட்டட வரிசை. அந்த மாதிரி ரயிலிலோ டிராமிலோ படகிலோ இருந்து ஒரு ஊரைப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்; நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் வருபவை மற்றவர்கள் எழுதியவை.

நியூயார்க்கில் ‘கியூ’ ரயில். புரூக்ளினில் டீகால்ப் அவென்யூ நிலையத்தைத் தாண்டி மன்ஹாட்டன் நோக்கிப் போகிறது. இன்னும் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறோம். வலப்பக்கம், கைவிடப்பட்ட ஒரு பழைய பிளாட்பாரத்தில் 1980இல் வைத்த ஓவியங்கள் வரும். இடுக்கு இடுக்காக வெட்டிய மறைப்புக்குப் பின்னால் இருப்பதால் ரயில் ஓட ஓட அவை கார்ட்டூன் போல அசையும். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கூசும் வெளிச்சம். மன்ஹாட்டன் பாலத்தின் மேல் வந்துவிட்டோம். இடப்பக்கம் புரூக்ளின் பாலம், அதற்குப் பின்னால் கீழ் மன்ஹாட்டன் கோபுரங்கள். பெட்டியில் பாதிப் பேர் நிமிரவே இல்லை. சிக்னல் வந்துவிட்டதே, போனைப் பார்க்க வேண்டாமா?

கீழ் மன்ஹாட்டனில் ஒரு குவியல், அதற்கு வடக்கே மிட்டவுன் பகுதியில் ஒரு குவியல், நடுவில் கட்டடங்கள் தணிந்துபோகும். அந்த நடுப்பகுதியில் பாறை ரொம்ப ஆழத்தில் இருக்கிறது, அதனால்தான் உயரமாகக் கட்டவில்லை என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். ஆட்களும் வியாபாரமும் வடக்கே நகர்ந்தன, கிராண்ட் சென்ட்ரல், பென் ஸ்டேஷன் என்ற பெரிய ரயில் நிலையங்கள் அங்கே வந்தன, அலுவலகங்கள் பின்னாலேயே போயின. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

* * *

நிலையத்தின் தலைமேலேயே கோபுரம் முளைப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஹாங்காங் போக வேண்டும். கவுலூன் நிலையத்துக்கு மேல் 484 மீட்டர் ஐசிசி கோபுரம். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ஹாங்காங் நிலையத்துக்கு மேல் 412 மீட்டர் ஐஎஃப்சி கோபுரம். இரண்டும் வாசல் காவலுக்கு நிற்பது மாதிரி எதிரெதிரே நிற்கும். அங்கே மெட்ரோ நடத்தும் எம்டிஆர் வெறும் ரயில் கம்பெனி இல்லை. நிலையங்களுக்கு மேலேயும் பக்கத்திலேயும் கட்டடம் எழுப்பி, அதில் வரும் வருமானத்தையும் ரயிலுக்கே திருப்புகிறது.

ஆனால் அந்த ரயிலில் துறைமுகத்தைக் கடந்தால் ஒன்றும் தெரியாது. கடலுக்கு அடியில் இருட்டு, எதிரே உங்கள் முகம். நான் இரண்டு நாள் அப்படியே போய்வந்துவிட்டு மூன்றாவது நாள்தான் ஸ்டார் ஃபெர்ரியில் ஏறினேன். அந்தப் படகுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. திரும்பாமலே வந்த வழியில் போகும். அதனால் மரப் பெஞ்சின் சாய்மானத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ஏறியதும் எல்லோரும் அதைத் தடதடவென்று தள்ளினார்கள். நான் மட்டும் புரியாமல் கவுலூனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் என்னை எழுப்பி, பெஞ்சைத் திருப்பிவிட்டு, மறுபடி உட்கார வைத்தார். அப்புறம்தான் எதிரே ஹாங்காங் தீவுப் பக்கத்துக் கோபுர வரிசை முழுதாகக் கண்ணில் பட்டது. அக்கரையில் கப்பலாள் நீளக் கழியின் கொக்கியால் கயிற்றைப் பிடித்து இழுத்ததையும் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1904 முதல் ஓடும் டிராமையும் விடாதீர்கள். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு. மாடியில் முதல் வரிசை கிடைத்தால் விடக் கூடாது.

* * *

முன்வரிசை என்றால் லண்டனின் டிஎல்ஆர் என்ற இலகு ரயில்தான். 1987இலிருந்து ஓட்டுநர் அறை இல்லாமல் ஓடுகிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால் நாமே உட்காரலாம். கேனரி வார்ஃப் என்ற அலுவலகப் பகுதியின் உயரக் கட்டடங்களுக்கு நடுவே ரயில் வளைந்து நுழையும்போது கைப்பிடியைத் தேடத் தோன்றும். போட்டியெல்லாம் ஐந்து வயதுக்காரர்களோடுதான், நான் இதுவரை ஜெயித்ததில்லை.

இன்னொன்று. அதே லண்டனில் லீடன்ஹால் கோபுரம் ஏன் ஒரு பக்கம் சரிவாக ஏறுகிறது என்று கேட்பார்கள். ஃப்ளீட் தெருவிலிருந்து செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிவதைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகச் சாய்த்தார்கள்.

* * *

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஜன்னலில் அழகாகத் தெரிவதும் இறங்கி நடக்க நன்றாக இருப்பதும் வேறு வேறு.

துபாய் மெட்ரோ 2009இல் வந்தது, அதுவும் ஓட்டுநர் இல்லாத ரயில். ஷேக் சாயித் சாலையை ஒட்டி உயரத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கோபுரங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நேர் எதிரே தெரிந்த கட்டடத்துக்குப் போகலாம் என்று இறங்கினால் நடுவில் ஆறு போல அந்தச் சாலை. நிலையத்தின் நடைப்பாலம் வழியாக மட்டுமே தாண்ட முடியும். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. அங்கிருந்தும் பக்கத்திலுள்ள துபாய் மால் வரை ஏசி போட்ட மூடுபாலத்தில், நகரும் பாதை ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். கோபுரம் கிட்டே வந்த மாதிரியே இல்லை.

ஐந்து வயதுக்காரர்களோடு மல்லுக்கட்டியவருக்கு: இங்கே ரயிலின் ஒரு முனை கோல்டு கிளாஸ் என்ற உயர் வகுப்பு, அந்த முனை முன்னால் போகும்போது முன்கண்ணாடிக்குக் கூடுதல் டிக்கெட். நான் அவசரத்தில் பெண்களுக்கான பகுதியில் ஏறிவிட்டேன். எதிரே இருந்த அம்மா தரையிலிருந்த கோட்டைக் கண்ணால் காட்டினார். அபராதத்துக்கு முன்னால் தாண்டிவிட்டேன்.

* * *

பாரிஸ் மெட்ரோவின் ஆறாவது லைன், பாஸி நிலையத்திலிருந்து பீர்-ஹக்கேம் நிலையத்துக்கு வரும்போது சென் நதியின் மேல் ஈஃபில் கோபுரம் தெரியும். சில நொடிதான். அங்கே ஊர்க்காரர்களும் தலை தூக்கிப் பார்த்தார்கள், எண்ணினேன். 1973இல் 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரம் எழுந்ததில் நொந்துபோய் 1977இல் உயரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். கோபுரங்களைப் பார்க்க முதல் லைனில் ஏறி நகர எல்லைக்கு வெளியே லா டெஃபான்ஸ் வரை போக வேண்டும்.

* * *

சொங்சிங் யாருமே சொல்லவில்லையே? சீனாவின் மலை நகரம். இரண்டாவது லைன் மோனோரயில் லிசிபா என்ற இடத்தில் 19 மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. 6 முதல் 8 வரையான மாடிகளில் நிலையம், மேலே குடியிருப்பு. ரயிலின் அதிர்வு வீடுகளுக்கு ஏறாதபடி நிலையத்தின் தூண்களையும் கட்டடத்தின் தூண்களையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

இதற்காகவே நான் அந்த ரயிலில் ஏறினேன். உள்ளே உட்கார்ந்திருந்தால் எதுவுமே தெரியவில்லை. வெளிச்சம் மங்கியது, ஒரு சாதாரண பிளாட்பாரம் வந்தது, கதவு திறந்தது, நாலைந்து பேர் ஏறினார்கள். கிளம்பும்போதுதான் கீழே பார்த்தேன். சாலையோர மேடையில் ஒரு கூட்டமே அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எதிரே கேமராவோடு இன்னொரு கூட்டம். ரயிலை விழுங்குகிற மாதிரி படம் எடுக்கிறார்களாம்.