பாஸ்டர் பல்லவிக்குத் திரும்பினால் டிராக் திரும்புமா?

ஹட்டன் கீபோர்ட்:

எங்களுடையது சின்னத் தோட்டச் சபை. டிரம்ஸ் வாசித்த தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போனான், பேஸ் வாசித்தவர் கட்டாருக்கு. மிஞ்சியது என் கீபோர்டும் ஒரு டோல்கியும். டிராக் (முன்பே பதிந்த பின்னணி இசை) பக்கம் போனது ஆசைக்கு அல்ல, ஆள் இல்லாததால்.

முதலில் பென் டிரைவில் எம்பி3 போட்டு மிக்சரில் குத்திவிட்டோம். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு "இன்னொரு தரம்" என்றார். சபை பல்லவிக்குத் திரும்பியது, டிராக் மூன்றாவது சரணத்துக்குப் போனது. யாரோ பதறி பென் டிரைவைப் பிடுங்க, நான் வெறும் கீபோர்டோடு நின்றேன். அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி தலைப்பில் இருப்பதுதான்.

லேப்டாப் ஒலியை மிக்சருக்குக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கியபோது ஏபிள்டன் லைவ் லைட் என்ற இசை மென்பொருள் சும்மா கிடைத்தது. அதில் 8 டிராக்தான், அதாவது தனித்தனி ஒலித்தடம். கிளிக் (வாசிப்பவர் காதுக்கு மட்டும் கேட்கும் தாளத் தட்டு), குரல் கியூ (அடுத்த பகுதியைச் சொல்லும் குரல்), டிரம்ஸ், பேஸ், பேட் (பின்னால் நீளும் சுருதி ஒலி), தாளக்கருவி என்று எனக்கு ஆறு போதும். பாட்டைப் பல்லவி, சரணம் என்று வெட்டி வரிசை வரிசையாக அடுக்கிவிட்டேன். அடுத்த வரிசையை அழுத்தினால் உடனே தாவாது, ஓடுகிற பார் (ஒரு தாளச் சுற்று) முடிந்த பிறகுதான் மாறும். ஒன்றும் அழுத்தாவிட்டால் பல்லவி சுற்றிக்கொண்டே இருக்கும். பாஸ்டர் பத்து தரம் பாடட்டும்!

நான் மாட்டிக்கொண்டது வார்ப்பில், அதாவது ஒலியைப் பாட்டின் வேகத்துக்குப் பொருத்தும் வசதியில். ஒலி கெடுகிறதே என்று அதை அணைத்தேன், லூப்பும் போய்விட்டது. வார்ப் இல்லாமல் கிளிப் (வெட்டிய ஒலித்துண்டு) சுற்றாது. பாட்டின் பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை) சரியாகக் கொடுத்தபின் ஒலியும் சரியாகிவிட்டது. இன்னொரு தொல்லை, லைட்டில் வரிசைகளுக்கும் எல்லை உண்டு. அதனால் பாட்டுக்கு ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். அடுத்தது திறக்கும்வரை கீபோர்டில் ஒரு கோர்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், பாஸ்டர் அந்த நேரத்தில் ஜெபிப்பார். வேறு யாராவது வேறு வழி கண்டீர்களா?

பண்டாரவளை:

அண்ணே, நாங்கள் பயன்படுத்துவது ரீப்பர் என்ற மென்பொருள். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனியாளுக்கும் லாப நோக்கில்லாத அமைப்புக்கும் உரிமம் 60 டாலர். நம் பணத்தில் சின்னத் தொகை இல்லை, ஆனால் ஒரு தரம் வசூல் பண்ணினால் முடிந்தது. பழைய விண்டோஸ் லேப்டாப்பிலும் ஓடுகிறது. எல்லாப் பாட்டும் ஒரே ஃபைலில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ரீஜன் (பெயரிட்டுக் குறித்த துண்டு). 'ஸ்மூத் சீக்' என்பதைப் போட்டுவிட்டால் பார் முடிந்த பிறகுதான் தாவும், உங்கள் வரிசை மாதிரியே. பார்க்க அழகாக இருக்காது, அது உண்மை.

இன்டர்ஃபேஸ் எங்களிடம் இல்லை. ஹெட்போன் துளையில் பிரிகேபிள் குத்தி இடது பக்கம் கிளிக், வலது பக்கம் இசை. டிராக் மோனோ ஆகிவிடும், ஆகட்டும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஸ்டீரியோவை யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு ஞாயிறு அவசரத்தில் இரண்டு முனையையும் மாற்றிக் குத்திவிட்டேன். முழுச் சபைக்கும் டக் டக் டக். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, "தம்பி, உள்ளே யார் ஆணி அடிச்சது?" என்றார். இப்போது இடது முனையில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

2022இல் கரண்ட் வெட்டிய நாட்களில் இன்னொன்று தெரிந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், மிக்சர் செத்துவிடும். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, என் காதில் மட்டும் முழு பேண்ட்.

நுவரெலியா டவுன்:

ஐபேட் இருப்பவர்களுக்கு மல்டிடிராக்ஸின் பிளேபேக், லூப் கம்யூனிட்டியின் பிரைம் என்ற இரண்டு ஆப்பும் மிகச் சுலபம். பகுதியைத் தொட்டால் தாவும், லூப் ஆகும், சுருதியையும் மாற்றலாம். ஆனால் அவர்கள் விற்கும் டிராக்குகளில் பெரும்பாலானவை ஆங்கிலப் பாட்டு. எங்கள் இளைஞர் ஆராதனைக்குச் சரி. தமிழ்ப் பாட்டென்றால் கடைசியில் நாமேதான் உட்கார்ந்து டிராக் செய்ய வேண்டும், அந்த வேலைக்கு மேலே இரண்டு பேரும் சொன்னதில் ஒன்றே போதும்.

எதை வைத்தாலும் ஃபோனையும் ஐபேடையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஜெப நேரத்தில் வாட்ஸ்அப் சத்தம் ஸ்பீக்கரில் வந்த அனுபவம் எனக்கு உண்டு.

பதுளை, பழைய கொயர்:

தம்பிமாரே, மென்பொருளைப் பற்றி எனக்குத் தெரியாது. கீர்த்தனையை மட்டும் கிளிக்கில் கட்டிப்போடாதீர்கள். எங்கள் சபையில் கிழவர்கள் அடிக்கு அடி இழுத்து, மூச்சு வாங்கித்தான் பாடுவார்கள். மிஷின் நிற்காது, அவர்கள் நிற்பார்கள். பண்டிகைக்கு டிராக் வைத்த அன்று முன்வரிசை பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

ஹட்டன் கீபோர்ட்:

ஐயா, நீங்கள் சொன்னது போன ஞாயிறு எங்களுக்கும் நடந்தது. இந்த வாரம் கீர்த்தனைக்கு டிரம்ஸ், பேஸ், கிளிக் மூன்றையும் மியூட் பண்ணிப் பேடை மட்டும் சுருதிக்கு ஓடவிட்டேன். தாளம் டோல்கிக்காரர் கையில். அவர் முதல் வேலையாக இயர்போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பண்டாரவளை அண்ணனுக்கு: ரீப்பரை இறக்கிவிட்டேன். அந்த ஸ்மூத் சீக் எந்த மெனுவில் இருக்கிறது?